கண்ணாடியோடு ஒட்டிப்போன பாட்டி படத்தை மீட்க முடியுமா?

கேட்டவர் ஏலப்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர். அப்பாவின் அம்மாவுக்கு இருப்பது ஒரே ஒரு படம். 1970-களில் கம்பத்துக்கு இறங்கிப்போய் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. கறுப்பு வெள்ளை, போஸ்ட்கார்டு அளவு. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) சுவரில் நாற்பது வருடத்துக்கு மேல் தொங்கியிருக்கிறது. இப்போது கீழ் மூலை கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. ஒரு கன்னம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணப் புள்ளிகள். ஃபிரேம் போடும் முன்பே மடிந்த ஒரு கோடு நெற்றியில் தொடங்கிப் புருவத்தைக் கடந்து கண்ணோரம் வரை வருகிறது. ஓரங்கள் நீலமாக மினுங்குகின்றன, மொத்தமும் மஞ்சளடித்திருக்கிறது. ஒரு கடையில் கொடுத்துப் போன் செயலியில் 'கிளியர்' பண்ணி வாங்கினார்களாம். படம் பளிச்சென்று வந்தது. அப்பா வாங்கிப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்டாராம். கழற்றித் துடைக்கலாமா, முகத்தைச் சரியாகக் கொண்டுவர முடியுமா, கலர் போடலாமா, பெரிதாக மாட்ட எவ்வளவு பெரிய பிரிண்ட் போடலாம் என்று கேட்கிறார்.

நான் குமுளியில் 1987-இல் ஸ்டுடியோ வேலைக்குச் சேர்ந்தவன். அப்போது டச்சிங், அதாவது படத்தில் முகத்தைத் திருத்துகிற வேலை, என்றால் நெகட்டிவ் மேல் பென்சில் பிடிப்பது. இப்போது கம்ப்யூட்டர். கருவி மாறியதே தவிர, கடைக்கு வரும் படங்களின் நோய் மாறவில்லை. ஜூனில் இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கினால் ஆகஸ்ட் முடிகிறவரை இந்த மலையில் சுவரே வியர்க்கும். அந்தச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நிற்கிற படம் இப்படித்தான் ஆகும்.

முதல் கேள்விக்கு ஒரே பதில்: கழற்றாதீர்கள், துடைக்காதீர்கள். ஈரத்துணி வேண்டாம், வெயிலில் வைக்க வேண்டாம், ஹேர் டிரையர் வேண்டாம். யாராவது லேமினேஷன் போடச் சொன்னால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நானே ஒன்றைக் கெடுத்திருக்கிறேன். வேலை பழகிய புதிதில் வண்டிப்பெரியாறிலிருந்து ஒரு குடும்பம் கல்யாணப் படம் கொண்டுவந்தது, இதேபோலக் கண்ணாடியில் ஒட்டியது. தண்ணீரில் ஊறப்போட்டால் பிரிண்ட் கண்ணாடியை விட்டுவிடும் என்று கேள்விப்பட்டிருந்தேன். நல்ல நிலையில் உள்ள பிரிண்டுக்குச் சில சமயம் அது நடக்கவும் செய்யும். டிரேயில் தண்ணீர் ஊற்றிப் போட்டேன். அரை மணி நேரத்தில் கண்ணாடி விட்டது. கூடவே பூஞ்சணம் பிடித்திருந்த இடமெல்லாம் பாலாடை போலக் கழன்று மிதந்தது. மாப்பிள்ளையின் தாடை அதில் போயிற்று. வந்தவர்களிடம் "பழைய படம், அப்படித்தான் ஆகும்" என்று சொல்லி அனுப்பினேன். அந்தப் பொய் இன்னும் உறுத்துகிறது.

நடந்தது இதுதான். கறுப்பு வெள்ளைப் பிரிண்டில் படமாகத் தெரிவது நுண்ணிய வெள்ளித் துகள். அதைத் தாளில் பிடித்து வைத்திருப்பது ஜெலட்டின், அதாவது மாட்டெலும்பும் தோலும் காய்ச்சி எடுத்த பசை. பூஞ்சணத்துக்கு அது சாப்பாடு. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சணம் வளரத் தொடங்கும். நம் ஊர் மழைக்காலத்தில் அதற்குக் கீழே இறங்குகிற நாள்தான் அபூர்வம். அது ஜெலட்டினைத் தின்னும்போது மிச்சமிருப்பதையும் தண்ணீரில் கரைகிற பொருளாக மாற்றிவிடும். பார்வைக்குப் புள்ளிதான், தண்ணீர் பட்டால் பள்ளம். துடைத்தாலும் அதே கதை, இழுவிக்கொண்டு போகும்.

ஓரத்து நீல மினுமினுப்பு வேறு சங்கதி. வெள்ளி மெல்ல ஆக்சிடைஸ் ஆகி மேற்பரப்புக்கு ஏறிவந்து, அங்கே மறுபடி உலோகமாகப் படிவதால் வருவது. விறகடுப்புப் புகை, ஃபிரேமுக்குப் பின்னால் வைக்கிற மட்டமான அட்டை, சுவருக்கு அடித்த புதுப் பெயிண்ட் எல்லாம் அதற்குத் துணை. மஞ்சள் நிறம் அநேகமாக ஸ்டுடியோக்காரர் செய்த குறை. ஹைப்போவில் (படத்தைத் தாளில் நிலைநிறுத்தும் ரசாயனம்) முக்கி எடுத்த ஃபைபர் பேப்பரை ஓடும் தண்ணீரில் ஒரு மணி நேரமாவது அலச வேண்டும். முகூர்த்த நாளில் வரிசையில் ஆள் நிற்கும்போது யார் அலசுவார்? தாளில் தங்கிய ஹைப்போவின் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து பல வருடம் கழித்து இப்படிப் பழுத்துக் காட்டும்.

ஆக, அசல் படம் கண்ணாடியோடு அப்படியே இருக்கட்டும். நாம் வேலை செய்யப்போவது அதன் நகலில். நகல் எவ்வளவு நன்றாக அமைகிறதோ அவ்வளவுக்குப் பின்னால் வேலை குறையும், அதனால் இங்கே அவசரப்படக் கூடாது.

கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும், லேசாக ஈரமாக்கிய துணியால் துடைத்து உலர விடுங்கள். கண்ணாடி மேல் நேராக எதையும் தெளிக்காதீர்கள், ஓரம் வழியாக உள்ளே இறங்கிவிடும். ஸ்கேனர் கிடைத்தால், அது எந்த வகை என்று கேளுங்கள். மெல்லிசாக, மலிவாகக் கிடைப்பவற்றில் இருப்பது சிஐஎஸ் சென்சர். ஸ்கேனர் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் தாள் மட்டும்தான் அதற்குத் தெளிவாகத் தெரியும். ஃபிரேம் கண்ணாடியின் 2 மில்லிமீட்டர் தள்ளினாலே மங்கிவிடும். சிசிடி சென்சர் உள்ள கனமான பழைய ஸ்கேனர் என்றால் கண்ணாடி வழியாகவும் நன்றாக எடுக்கும். 1200 டிபிஐ (அங்குலத்துக்கு 1200 புள்ளி), 48 பிட் கலர், டிஃப் ஃபைல் என்று கேட்டு வாங்குங்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு எதற்குக் கலர் என்று கடைக்காரர் கேட்பார். காரணம் பின்னால் வருகிறது, நீங்கள் விடாப்பிடியாக நில்லுங்கள்.

ஸ்கேனர் ஒத்துவரவில்லை என்றால் கேமரா. உண்மையில் இந்தப் படத்துக்கு எனக்குப் பிடித்தது அதுதான், ஏனென்றால் நீல மினுமினுப்பு ஸ்கேனரின் வெளிச்சத்தில் திரை போட்டதுபோல் வெளுத்துத் தெரியும். படத்தைத் தட்டையாக வைத்து, இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு. விளக்குக்கு முன் ஒரு போலரைசிங் ஷீட் (ஒரே திசையில் அதிர்கிற ஒளியை மட்டும் விடும் தகடு), லென்ஸிலும் ஒரு போலரைசர். லென்ஸில் இருப்பதைத் திருப்பிக்கொண்டே வந்தால் ஒரு இடத்தில் மினுமினுப்பும் கண்ணாடிப் பளபளப்பும் சட்டென்று அணைந்து, அடியிலிருக்கும் கறுப்பு வெளியே வரும். முதல் தடவை பார்க்கிறவர்கள் அசந்துபோவார்கள். அதே வரிசையில் இன்னும் இரண்டு ஷாட் எடுங்கள்: ஒன்று இடப்பக்க விளக்கு மட்டும் தாழ்வாக, மற்றது வலப்பக்க விளக்கு மட்டும். மடிப்புக் கோட்டின் நிழல் ஒன்றில் ஒரு பக்கமும் மற்றதில் எதிர்ப்பக்கமும் விழும். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் கலந்தால் பாதிக் கோடு தானே கரைந்துவிடும்.

கையில் போன் மட்டும்தான் இருக்கிறதா? சரி. பியூட்டி மோடு, அழகூட்டும் ஏஐ வசதி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சற்றுத் தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுங்கள். கிட்டே போய் எடுத்தால் மூக்கு ஒரு பக்கம், காது ஒரு பக்கம் என்று கோணும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் இருக்கட்டும். போனுக்குப் பின்னால் கறுப்புத் துணி ஒன்றைப் பிடிக்கச் சொன்னால் கண்ணாடியில் உங்கள் முகம் விழாது.

நகல் எடுத்தாயிற்று என்று உறுதியான பிறகு, ஃபிரேமின் பின்பக்க அட்டை எளிதாகக் கழன்றால் மட்டும் கழற்றிப் பாருங்கள். பிரிண்டின் முதுகில் ஸ்டுடியோ முத்திரையும் பென்சிலால் எழுதிய நெகட்டிவ் நம்பரும் இருக்கக்கூடும். அதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து ஸ்டுடியோக்கள் நெகட்டிவை வாடிக்கையாளரிடம் கொடுப்பதில்லை, நம்பர் போட்டுப் பெட்டியில் அடுக்கி வைப்பார்கள். ஸ்டுடியோ மூடியிருந்தாலும் நடத்தியவரின் பிள்ளைகள் கம்பத்திலேயே இருக்கலாம். ஒரு நாள் கீழே இறங்கிப் போய் விசாரிப்பதில் நஷ்டமில்லை. நெகட்டிவ் கிடைத்துவிட்டால் இந்தப் பதிலின் பெரும்பகுதியை நீங்கள் தூக்கிப் போட்டுவிடலாம்.

இனி கலரில் எடுக்கச் சொன்ன காரணம். ஃபோட்டோஷாப்போ இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப்போ எதுவானாலும், படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனலாகப் பிரித்துப் பார்க்கலாம். மஞ்சள் கறை நீல ஒளியை விழுங்கும். அதனால் நீலச் சேனலில் கறை கரியாகத் தெரியும், சிவப்புச் சேனலில் காணாமலே போகும். உங்கள் படத்தின் பின்புலத்துக்கும் முகத்தின் பெரும்பகுதிக்கும் சிவப்புச் சேனலை அடிப்படையாக எடுங்கள். ஆனால் படமே பழுத்து மங்கிய இடம், உதாரணமாக வெள்ளைச் சேலையின் மடிப்புகள், நீலச் சேனலில்தான் உயிரோடு இருக்கும். அங்கே அதிலிருந்து கடன் வாங்கிக்கொள்ளலாம். ஆரம்பத்திலேயே கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் செய்துவிட்டால் இந்த மூன்று வழிகளும் ஒன்றாகக் குழம்பிப்போகும், அப்புறம் பிரிக்கவே முடியாது.

சரி, முகம்.

என் வேலைக்கு நான் வைத்திருக்கும் எல்லை இது: பேப்பருக்கு நேர்ந்ததைச் சரிசெய்வேன், பாட்டிக்கு நேர்ந்ததில் கை வைக்க மாட்டேன். பூஞ்சணம், கீறல், மடிப்பு, கறை எல்லாம் பேப்பருக்கு நேர்ந்தவை. மச்சம், தழும்பு, ஒரு பக்கம் சற்றே இறங்கிய இமை, பாம்படத்தில் இழுபட்ட காது, வெற்றிலை போட்ட உதட்டின் விளிம்பு எல்லாம் அவர். இந்தியாவில் பெரியம்மை ஒழிந்தது 1975-இல். உங்கள் பாட்டியின் தலைமுறையில் கன்னத்தில் அம்மைத் தழும்பு உள்ளவர்கள் ஏராளம். பூஞ்சணப் புள்ளியோடு சேர்த்து அதையும் 'கிளியர்' பண்ணிவிட்டால், மகன் அடையாளம் காண்கிற முகமே போய்விடும்.

இரண்டையும் எப்படிப் பிரிப்பது? பூதக்கண்ணாடியில் பாருங்கள். பூஞ்சணப் புள்ளிக்கு விளிம்பு கிளை கிளையாக, சிறு நட்சத்திரம் மாதிரி இருக்கும். படத்தின் மணியமைப்பை, அதாவது பொடிமணி போன்ற துகள் அமைப்பை, அது உடைக்கும். கன்னத்தில் தொடங்கிச் சேலை மேலும் பின்திரை மேலும் ஒரே மாதிரி பரவியிருக்கும். தழும்புக்கு ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல் என்று இருக்கும், அதுவும் முகத்தின் மற்ற நிழல்கள் விழும் திசையிலேயே. சந்தேகமானதை எல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொண்டு அப்பாவிடம் கேளுங்கள். கேட்பதற்கு ஆள் இருப்பது பெரிய கொடுப்பினை, பல குடும்பங்களில் அந்த ஆளும் போன பிறகுதான் படத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். உங்களிடம் இருக்கும் முகமே டச்சிங் ஆனதாக இருக்கலாம். நெகட்டிவில் சுருக்கம் மெல்லிய வெளிர்கோடாகத் தெரியும். அதன்மேல் கூராகச் சீவிய பென்சிலால் பொடிப்பொடியாகப் புள்ளி வைத்து அடர்த்தியைக் கூட்டினால் பிரிண்டில் அந்தக் கோடு வெளுத்துக் கரையும். கறுப்பாக்க வேண்டிய இடத்தைக் கத்தி முனையால் சுரண்டுவோம். இது எங்கள் ஊர் தந்திரம் என்று நினைக்க வேண்டாம். 1855 பாரிஸ் கண்காட்சியிலேயே மியூனிக்கைச் சேர்ந்த ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டெங்கல் ஒரே ஆளின் படத்தை டச்சிங் செய்தும் செய்யாமலும் காட்டிக் கூட்டத்தை வாய்பிளக்க வைத்தார். ஆனால் பென்சில் பிடித்த நாங்கள் இருக்கிற கண்ணைத்தான் தெளிவாக்கினோம். வேறு கண்ணை வைக்கவில்லை.

செயலி வேறு கண்ணைத்தான் வைத்தது. முகத்தை மீட்கும் ஏஐ மாடல்களில் பெயர் பெற்றவை 2021-இல் வந்த ஜிஎஃப்பிகான், 2022-இல் வந்த கோட்ஃபார்மர் போன்றவை. இவை முகம் என்றால் எப்படி இருக்கும் என்று கற்றுக்கொண்டது ஃபிளிக்கர் தளத்திலிருந்து திரட்டிய 70,000 படங்களின் தொகுப்பிலிருந்து. மங்கிய கண்ணைக் கொடுத்தால் அவை அதைத் துடைத்துத் தருவதில்லை. தாங்கள் பார்த்த கண்களிலிருந்து பொருத்தமான ஒன்றை வரைந்து வைக்கின்றன. ஃபிளிக்கரில் படம் போட்டவர்களில் ஏலப்பாறையில் கொழுந்து கிள்ளியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? 2020-இல் டியூக் பல்கலைக்கழகத்தின் பல்ஸ் என்ற மாடலுக்குச் சதுரம் சதுரமாகச் சிதைத்த ஒபாமாவின் படத்தைக் கொடுத்தபோது அது ஒரு வெள்ளைக்காரரின் முகத்தைத் தெளிவாக வரைந்து தந்தது. உலகமே பார்த்துத் திகைத்தது. உங்கள் அப்பா "இது யாரு?" என்று கேட்டதும் அதே திகைப்பில்தான்.

ஏஐ-யே கூடாது என்று நான் சொல்லவில்லை. பின்திரை, சேலையின் உடம்புப் பகுதி, நாற்காலி, தரை இவற்றில் கீறலை நிரப்ப அது அரை நாள் வேலையை மிச்சப்படுத்தும். முகத்தில் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால், கோட்ஃபார்மரில் 0 முதல் 1 வரை ஒரு திருகு உண்டு. 1-ஐ நோக்கி நகர்த்தினால் கொடுத்த படத்துக்கு விசுவாசமாக இருக்கும், 0-வை நோக்கிப் போனால் பளபளப்பு கூடி ஆள் மாறும். கடைகள் எந்தப் பக்கம் திருகுகின்றன என்று சொல்ல வேண்டியதில்லை. நான் கண், வாய், மூக்குக்கு அதைத் தொடுவதே இல்லை.

கையால் செய்வது எப்படி என்றால், அசல் ஸ்கேனைப் பூட்டி வைத்துவிட்டு மேலே தனி லேயர் (கண்ணாடித் தாள் போன்ற அடுக்கு) போட்டு வேலை செய்யுங்கள். பின்திரையில் தொடங்குங்கள், அங்கே தப்பு செய்தால் யாருக்கும் வலிக்காது. கை பழகியதும் சேலை, தலைமுடி, கழுத்து. முகத்துக்குக் கடைசியில் வாருங்கள். 2002-இல் ஃபோட்டோஷாப் 7-இல் ஹீலிங் பிரஷ் வந்தபோது எங்கள் தொழிலில் அது ஒரு யுகமாற்றம். பக்கத்துத் தோலின் மணியமைப்பை எடுத்து இந்த இடத்தின் வெளிச்சத்தோடு கலந்து வைக்கும். பூஞ்சணப் புள்ளிக்கு அதுவே போதும். பிரஷ் புள்ளியைவிட மயிரளவு பெரிதாக இருக்கட்டும், மாதிரி எடுக்கும் இடம் அதே கன்னத்தில் அதே வெளிச்சத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு புள்ளியாகத்தான். பொறுமையில்லாமல் தூசி நீக்கும் ஃபில்டரை மொத்தமாக ஓட்டினால் கன்னம் மெழுகுப் பொம்மையாகிவிடும். 400 சதவீதம் பெரிதாக்கிவைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நோண்டாதீர்கள். 100-இல் தெரியாத புள்ளி பிரிண்டில் யாருக்கும் தெரியாது.

மடிப்புக் கோட்டை அதன் நீளவாக்கில் தேய்க்கக் கூடாது, குறுக்காகச் சின்னச் சின்ன இழுப்புகளாகப் போங்கள். புருவத்தில் வரும்போது ஹீலிங்கை விட்டுவிட்டு குளோன் ஸ்டாம்ப், அதாவது ஒரு இடத்தை அப்படியே நகலெடுத்து வைக்கும் கருவி. புருவ முடி எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறதோ அந்தத் திசையில் இழை இழையாக.

கண்ணில்தான் எல்லோரும் சறுக்குவார்கள். கெட்ட கண்ணுக்குப் பதிலாக நல்ல கண்ணைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி ஒட்டுவது கடைகளின் வழக்கம். ஸ்டுடியோ விளக்கு ஒரு பக்கம் இருந்திருந்தால் இரண்டு கருவிழியிலும் வெளிச்சப் புள்ளி ஒரே பக்கத்தில்தான் விழுந்திருக்கும். திருப்பி ஒட்டிய கண்ணில் அது எதிர்ப்பக்கம் போய்விடும். பார்க்கிறவருக்குக் காரணம் புரியாது, 'என்னமோ முழிக்கிறாங்க' என்று தோன்றும். அதோடு யாருக்கும் இரண்டு கண்ணும் ஒன்றுபோல் இருப்பதில்லை. உங்கள் படத்தில் கோடு கண்ணோரத்தில் நின்றுவிடுவதால் கருவிழி தப்பித்தது. இமையின் ஒரு துண்டை மட்டும் அடுத்துள்ள இமையிலிருந்து நீட்டினால் போதும்.

ஒன்றுமே இல்லாத கண்ணை உண்டாக்கச் சொல்லியும் வருவார்கள். உயிரோடு இருக்கையில் படமே எடுக்காதவருக்கு, பாடையில் சாத்திய நிலையில் எடுத்த படத்தைக் கொண்டுவந்து "கண்ணை மட்டும் திறந்து குடுங்கண்ணே" என்பார்கள். இரண்டு முறை செய்திருக்கிறேன். இரண்டாவது முறை இறந்தவரின் கூடப்பிறந்த தம்பியை வரவழைத்து, அதே கோணத்தில், அதே வெளிச்சத்தில் உட்காரவைத்து எடுத்து அவர் கண்ணை வைத்தேன். குடும்ப ஜாடை இருந்ததால் அது ஒப்பேறியது. வீட்டார் அழுதுகொண்டே வாங்கிப்போனார்கள். தம்பி மட்டும் படத்தைப் பார்க்க மறுத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த வேலைக்கு ஒத்துக்கொள்வதில்லை. கோட்டு மாட்டுவது, வேட்டியை மாற்றுவது, இரண்டு படத்தைச் சேர்த்துத் தம்பதியாக உட்காரவைக்கும் மிக்சிங் எல்லாம் தாராளமாகச் செய்வேன். அது உடுப்பு, ஏமாற்று என்று யாரும் நினைப்பதில்லை. வெள்ளையாக்கச் சொன்னால் மட்டும் சண்டை பிடிப்பேன். ஏற்கெனவே அந்தக் காலத்தில் பவுடர் அப்பி, விளக்கைக் கூட்டி எடுத்த முகங்கள் அவை.

கலர் கேட்டீர்கள். சாம்பலிலிருந்து கலரைக் கண்டுபிடிக்க எந்த மென்பொருளாலும் முடியாது. அரக்குச் சேலையும் கரும்பச்சைச் சேலையும் கறுப்பு வெள்ளையில் ஒன்றுதான். குங்குமப் பொட்டு கறுப்பாகத்தான் விழும், அதைச் சாந்துப் பொட்டு என்று செயலி முடிவுகட்டிவிடும். அப்பாவுக்கு அந்தச் சேலையின் நிறம் நினைவிருந்தால் தனியாக ஒரு பிரதி கலரில் போட்டு வையுங்கள், தப்பில்லை. அந்தக் காலத்திலும் கையால் கலர் தீட்டினார்கள். சுவருக்குக் கறுப்பு வெள்ளையே நல்லது, அசலின் சூடான சாயல் சிறிது விட்டு. எல்லாம் முடிந்தபின் படம் முழுக்க ஒரே அளவில் கொஞ்சம் மணியைத் தூவுங்கள். ஒட்டுப்போட்ட இடமும் போடாத இடமும் அப்போது ஒன்றாகிவிடும்.

முடித்ததைச் சரிபார்க்க ஒரு எளிய வழி உண்டு. பழைய ஸ்கேனையும் புதிய படத்தையும் ஒரே அளவில் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, மேல் லேயரை டிஃபரன்ஸ் முறையில் போடுங்கள். மாறாத இடம் கறுப்பாக இருக்கும், கைவைத்த இடம் மட்டும் வெளிச்சமாகத் தெரியும். பூஞ்சணப் புள்ளிகளும் மடிப்புக் கோடும் மின்ன வேண்டும். கண்ணின் வடிவமோ உதட்டுக் கோடோ மின்னினால் நீங்கள் ஆளை மாற்றியிருக்கிறீர்கள். செயலி தந்த படத்துக்கு இதைச் செய்து பாருங்கள், முகமே ஒரு முகமூடி மாதிரி எழுந்து நிற்கும்.

இன்னொரு சோதனை அப்பா. போனில் காட்டாதீர்கள், தாளில் போட்டு, அசலையும் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் காட்டுங்கள். "நல்லா இருக்கா?" என்றால் பிள்ளை மனம் நோகக்கூடாதென்று நல்லாயிருக்கு என்பார். "எங்கப்பா இடிக்குது?" என்று கேளுங்கள். அந்தச் செயலிப் படத்தை அவர் கண்ணில் மறுபடி படாமல் அழித்துவிடுங்கள். தினமும் பார்த்துக்கொண்டிருந்தால் நாளடைவில் அந்த முகம்தான் அம்மா என்று மனசில் பதிந்துவிடும் என்பது என் பயம். இந்த வீட்டில் உங்கள் பாட்டியை நேரில் பார்த்த கண் அது ஒன்றுதான்.

அளவு. போஸ்ட்கார்டுப் படத்தில் முகம் தோராயமாக 1 அங்குலம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். இந்த மாதிரிப் பிரிண்டில் 600 டிபிஐக்கு மேல் உண்மையான விவரம் கிடைப்பது அரிது. 1200-இல் எடுக்கச் சொன்னது ஹீலிங் வேலைக்கு இடம் வேண்டும் என்பதற்காக. ஆக முகத்துக்கு 600 புள்ளி. 300 டிபிஐயில் பிரிண்ட் போட்டால் முகம் 2 அங்குலம், முழுப் படம் 7-க்கு 11. ஆகவே 8-க்கு 12 அளவு கச்சிதம். தள்ளி நின்று பார்க்கிற சுவர் என்றால் 12-க்கு 18 வரை தாங்கும். அதற்கு மேல் போகாதீர்கள். குமுளியில் 'ஆதராஞ்சலிகள்', கம்பத்தில் 'கண்ணீர் அஞ்சலி' என்று சாயந்திரத்துக்குள் ஃபிளெக்ஸ் கட்டுகிறார்களே, ஸ்டாம்பு அளவுப் படத்தை ஆளுயரத்துக்கு இழுத்து, அந்தக் கோலம் நமக்கு வேண்டாம்.

நேரக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொன்ன சேதத்துக்குக் கை பழகியவருக்கு 6 முதல் 8 மணி நேரம் ஆகும். புதிதாகப் பழகுகிறவருக்கு இரண்டு வார மாலைகள். "உட்காருங்க, பத்து நிமிஷத்துல தர்றேன்" என்று யாராவது சொன்னால் ஸ்கேனை வாங்கிக்கொண்டு எழுந்துவிடுங்கள்.

பிரிண்டைப் பிக்மென்ட் மையில், மேட் தாளில் போடச் சொல்லுங்கள். ஃபிரேம் கடையில் சுற்றிலும் மவுன்ட் போர்டு (படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை) வைத்து, கண்ணாடி படத்தைத் தொடாதபடி சில மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்லுங்கள். கடைக்காரருக்கு அது வேண்டாத வேலை, நின்று செய்ய வைக்க வேண்டும். மழைச் சாரல் அடிக்கிற வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், உள்சுவரில் மாட்டுங்கள். ஃபிரேமின் நாலு மூலைக்குப் பின்னாலும் பாட்டில் மூடி கனத்துக்கு ஒரு கார்க் துண்டு ஒட்டினால் முதுகில் காற்று போகும். அசலைக் கண்ணாடியோடு சேர்த்துப் பருத்தித் துணியில் சுற்றி, இரும்பு பீரோவின் மேல்தட்டில் படுக்கவையுங்கள். ராமபாணப் பூச்சிக்கும் ஜெலட்டின் பிடிக்கும் என்பதால் மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். தொடாத ஸ்கேன், லேயரோடு உள்ள வேலை ஃபைல், முடிந்த படம் மூன்றையும் கூடப்பிறந்தவர்கள் வீடுகளுக்கும் ஒரு பென் டிரைவில் கொடுத்துவிடுங்கள். திதிக்கு மாலை போடும்போது ஈரம் சொட்டாத மாலையாகப் பார்த்துப் போடச் சொல்லுங்கள். சந்தனமும் குங்குமமும் கண்ணாடி மேல் எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கட்டும்.